6,000 ரூபாய்க்குள் வேலைக்குப் போக சைக்கிள்: பாகம் வாங்கிச் சேர்ப்பதா, புதுசா, பழசை ஓவராயில் செய்வதா?

ஆவடி மிதி:
வணக்கம். ஆவடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு தினமும் வேலைக்குப் போக சைக்கிள் வேணும். ஒரு வழி 9 கி.மீ. போல வரும். பெரும்பாலும் சமதளம், மேம்பாலம் ஏறுறது மட்டும்தான் ஏத்தம். கையில் 6,000 ரூபாய். பூட்டு, லைட்டு எல்லாம் அதுக்குள்ளயே முடியணும். உயரம் 5 அடி 7 அங்குலம், எடை 65 கிலோ. முதுகுப்பையில் சாப்பாடும் மாத்துத் துணியும் இருக்கும். மழைக்காலத்திலும் ஓட்டுவேன்.

மூணு வழி இருக்கு. ஒண்ணு, ரத்தன் பஜார்ல பாகம் பாகமா வாங்கி நானே சேர்க்கிறது. ரெண்டு, கடையில் புது சைக்கிள். மூணு, வீட்டுப் பின்கட்டில் பெரியப்பாவோட பழைய 22 இஞ்ச் சைக்கிள் நிக்குது. ராடு பிரேக் (ஒயருக்குப் பதிலா இரும்புக் கம்பி இழுக்கிற பிரேக்), 28 இஞ்ச் வீல், முழு செயின் கவர், பல வருஷமா ஓடல. ஸ்பானர் பிடிக்கத் தெரியும், வேலை கத்துக்கவும் ஆசை. எதுல போகலாம்?

போக்ஸ்கம்பி:
முதல் வழியை இப்போதே கைவிடுங்கள். பாகம் பாகமாக வாங்கினால் மலிவாக முடியும் என்ற எண்ணம் சைக்கிளில் பலிக்காது. சென்னைச் சில்லறை விலையில் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம்.

பிரேமும் ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) 1,700. கோத்த வீல் இரண்டு (நடுவில் உள்ள ஹப், ரிம், கம்பி, கோக்கும் கூலி சேர்த்து) 1,800. டயர், டியூப் இரண்டு ஜோடி 900. கிராங்க் (பெடல் மாட்டும் தண்டு), பி.பி. செட் (கிராங்க் சுழலும் அச்சும் கப்பும்), செயின், ஃப்ரீவீல் (பின்சக்கரப் பல்சக்கரம்), பெடல் 1,200. பிரேக் செட் 500. ஹேண்டில் பார், ஸ்டெம், சீட்டு, சீட்டுக் குழாய் 900. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு 700. மொத்தம் 7,700. ஒரு பூட்டுகூட இன்னும் வாங்கவில்லை. கடைக்குக் கடை 10 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் இந்த வரிசையில் எதையும் பாதி விலைக்கு இறக்க முடியாது.

ஏறக்குறைய இதே சாமான்கள் கொண்ட முழு சைக்கிளைக் கடையில் 5,500 முதல் 7,000 வரைக்கும் வாங்கிவிடலாம். காரணம் எளிது. கம்பெனிகள் ரிம்மையும் ஹப்பையும் லூதியானாவில் ஆயிரக்கணக்கில் எடுக்கின்றன. நீங்கள் ஒன்று எடுக்கிறீர்கள். நடுவில் உள்ள ஒவ்வொரு கையும் ஒரு லாபம் வைக்கும்.

இன்னொரு செலவு கணக்கில் வராமல் நிற்கும். காட்டர் பின் (கிராங்கை அச்சில் இறுக்கும் ஆணி) அடிக்க, ஃப்ரீவீல் கழற்ற, கோன் (ஹப் பேரிங்கை இறுக்கும் நட்டு) பிடிக்க, செயின் பின் தள்ள என்று தனித்தனிக் கருவிகள் வேண்டும். கோன் ஸ்பானர் மெல்லியது, உங்கள் சாதாரண செட்டில் இருக்காது. ஒரு சைக்கிளுக்காக இவற்றை வாங்குவது 6,000-ல் ஒரு பெரிய துண்டைத் தின்றுவிடும்.

ஆக உண்மையான போட்டி இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும்தான். என் ஓட்டு மூன்றாவதற்கு, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பிரேமும் ஃபோர்க்கும் நேராக இருக்க வேண்டும்.

காட்டர்பின்:
தம்பி, பணம் எடுக்குறதுக்கு முன்னாடி அந்தப் பழைய வண்டியை ஒரு மணி நேரம் பாருங்க. இந்த வரிசையில பாருங்க. முதல் ரெண்டுல தோத்துட்டா மத்ததைப் பாக்க வேண்டியதே இல்ல.

ஃபோர்க். வண்டியைப் பக்கவாட்டுல நின்னு பாருங்க. ஃபோர்க் கால் கீழ வரும்போது முன்பக்கமா வளையணும். நேரா இறங்கினாலோ பின்னால தள்ளி இருந்தாலோ எங்கயோ மோதியிருக்கு. அப்படியே தலைக்குழாய்க்குப் பின்னாடி, மேல் பாருக்கும் கீழ் பாருக்கும் அடிப்பக்கம் விரல் வெச்சுத் தடவுங்க. பெயின்ட் சுருக்கம் விழுந்திருந்தா அல்லது லேசா வீங்கின மாதிரி இருந்தா பிரேம் மடங்கியிருக்கு. அதை நிமித்தி ஓட்டக்கூடாது.

விரிசல். பி.பி. கூடு, தலைக்குழாய் மூட்டு, சீட்டு மூட்டு, பின்சக்கரம் உக்காரும் காது, இந்த நாலு இடம். துணியால துடைச்சிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. துரு ஒரு மெல்லிய கோடா ஓடினா அது விரிசல்தான். பரவலா செவப்பா இருந்தா மேல்துரு, பயமில்ல.

அடுத்து நூல் சோதனை. பின்சக்கரத்தைக் கழட்டிட்டு, ஒரு பக்கக் காதுல நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுத்தி, மறுபக்கக் காதுல இழுத்துக் கட்டுங்க. நூலுக்கும் சீட்டுக் குழாய்க்கும் நடுவுல உள்ள இடைவெளியை ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க. 2 மி.மீ. வித்தியாசம்னா ஓட்டலாம். 5-க்கு மேல போனா பின்பக்கம் ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கு. நல்ல மேஸ்திரி நிமித்துவார், ஆனா அந்தக் கூலியையும் சேர்த்துக் கணக்கு போடணும்.

சீட்டுக் குழாயும் ஸ்டெம்மும் அசையுதான்னு பாருங்க. துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டா உயரம் மாத்த முடியாது. மூட்டுல எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்க, மறுநாள் சீட்டையே பிடிச்சு இடம் வலமா திருகுங்க. மேல இழுக்காதீங்க, திருகினாத்தான் விடும்.

கடைசியா ரிம். பிரேக் கட்டை படுற இடத்துல துரு குழி விழுந்திருக்கா, ரிம் ஒட்டுப்போட்ட இடம் பிளந்திருக்கா, நிப்பிள் (கம்பி முனையில இருக்கிற நட்டு) துளையைச் சுத்தி வெடிப்பு இருக்கா. இது மூணுல எது இருந்தாலும் ரிம் மாத்தணும்.

மத்த எல்லாமே மாத்தக்கூடிய சாமான். பெடல் ஆடுது, செயின் துரு, பி.பி. கடகடன்னுதுன்னு பயந்து நல்ல பிரேமை காயலான் கடைக்குப் போட்டுடாதீங்க.

செயின்கவர்:
மாற்றுக் கருத்து சொல்றேன். பழைய ராடு பிரேக் வண்டிக்கு உயிர் கொடுக்கிறது நல்ல விஷயம்தான். ஆனா இவர் கேக்கறது தினமும் 18 கி.மீ., அதுவும் லாரி ஓடற ரோட்டுல, மழையிலயும். ஸ்டீல் ரிம் நனைஞ்சா பிரேக் பிடிக்காது. கட்டை ரிம்மைத் தொட்டும் வண்டி போய்க்கிட்டே இருக்கும். அலுமினிய ரிம்மும், ரிம்மை ரெண்டு பக்கமும் கவ்வுற வி-பிரேக்கும் உள்ள, கியர் இல்லாத புது சிங்கிள் ஸ்பீடு வாங்கறதுதான் பாதுகாப்பு. எடையும் 4, 5 கிலோ குறையும்.

6,000 பத்தாதுன்னா ரெண்டு மாசம் பஸ்ல போய் 8,000 ஆக்கி வாங்கட்டும். பிரேக்குல மிச்சம் பிடிக்கக்கூடாது.

போக்ஸ்கம்பி:
பிரேக் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஒரு திருத்தம் மட்டும்: 6,000 விலையில் வரும் புது சைக்கிள்களிலும் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டீல் ரிம்தான். பளபளப்பாக இருப்பதால் அலுமினியம் என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். ரிம்மில் ஒட்டினால் ஸ்டீல், ஒட்டாவிட்டால் அலுமினியம். ஒட்டினால், அந்தப் புது வண்டி மழையில் பெரியப்பா வண்டியைவிடப் பெரிதாக எதையும் சாதிக்காது.

இந்த விலையில் தவிர்க்க வேண்டியவை இன்னும் சில. ஸ்பிரிங் ஃபோர்க்: எடை கூடும், சில மாதங்களில் ஆட ஆரம்பிக்கும், மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அது அமுங்கியே வீணாக்கும். மலிவு டிஸ்க் பிரேக்: ரோட்டார் லேசாக வளைந்தாலே உரசும், கட்டை தேய்ந்தால் தெருமுனைக் கடையில் மாற்று கிடைக்காது. 21 கியர்: டீரெய்லர் (செயினைப் பல் மாற்றும் கருவி) மாட்டும் தகடு, வண்டி ஸ்டாண்டில் ஒருமுறை விழுந்தாலே வளையும், பிறகு செயின் தானாகத் தாவும். மூன்றும் விளம்பரப் பலகையில் அழகாக இருக்கும். அவற்றுக்குப் போன காசு ஹப்பிலிருந்தும் ரிம்மிலிருந்தும்தான் குறைக்கப்பட்டிருக்கும்.

கொரட்டூர் வாசி:
ராடு பிரேக் வண்டியில அலுமினிய ரிம்மும், பக்கவாட்டுல கவ்வுற காலிப்பர் பிரேக்கும் போட்டுக்கலாமேன்னு யாராவது சொல்றதுக்கு முன்னாடி. ராடு பிரேக் கட்டை ரிம்மோட உள்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்குது. அதனால அந்த ரிம்முக்குப் பக்கவாட்டுல தட்டையான முகமே இல்ல. காலிப்பர் வேணும்னா ரிம் மாறணும்.

700சி ரிம் (இப்போ பரவலா வர்ற ஒரு அளவு) போடலாம். ரிம் விட்டம் 635-க்குப் பதிலா 622 மி.மீ., அதாவது கட்டை 6.5 மி.மீ. கீழ இறங்கிப் பிடிக்கணும். அதுக்கு கால் நீளமான காலிப்பர் வேணும், ஃபோர்க் தலையில போல்ட் துளை வேணும், பிரேக் பிடி, ஒயர் எல்லாம் புதுசு. புது ரிம்மின் துளையும் பழைய ஹப்போட ஒத்துப்போகாது. 28 இஞ்ச் பழைய வண்டியில முன்னால 32, பின்னால 40 கம்பி; கடையில கிடைக்கிற 700சி ரிம் பெரும்பாலும் 36. அப்போ ஹப்பும் புதுசு. 6,000-ல இது அடங்காது. விட்டுடுங்க.

ராடு பிரேக்கையே ஒழுங்கா வெச்சா மழையிலும் ஓட்டலாம், வேகத்தைக் குறைச்சு. நாலு கட்டையும் புதுசா மாத்துங்க. ரிம்முக்கும் கட்டைக்கும் இடைவெளி 2-லேருந்து 3 மி.மீ. ரெண்டு கட்டையும் ஒரே நேரத்துல தொடணும். ராடு மூட்டுல இருக்கிற ஸ்க்ரூவெல்லாம் இறுக்கி, மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய், ஆனா ரிம்முல ஒரு சொட்டும் படக்கூடாது. ரிம் உள்பக்கத்தை மணல்தாளால தேய்ச்சு டீசல்ல துடைச்சு, கடைசியா சோப்புத் தண்ணில கழுவுங்க. டீசல் பிசுக்கு மிஞ்சினா அதுவே வழுக்கும்.

மழையில நிக்கணும்னா முன்கூட்டியே பிரேக்கை லேசா தொட்டுக்கிட்டே வாங்க. கட்டை தண்ணியை வழிச்சுவிடும், அப்புறம்தான் பிடிக்க ஆரம்பிக்கும். சிக்னல்கிட்ட வந்து பிடிச்சா நிக்காது.

அந்த வண்டியில ஒரு பெரிய லாபமும் இருக்கு. முழு செயின் கவர், அகலமான மட்கார்டு. மழையில திறந்த செயின் ஒரு வாரத்துல செவந்துடும். மூடின செயின் ஒரு சீசன் தாங்கும்.

ஆவடி மிதி:
நன்றி எல்லாருக்கும். காட்டர்பின் அண்ணன் சொன்ன வரிசையில பாத்துட்டேன். ஃபோர்க் முன்னால வளைஞ்சுதான் இருக்கு, சுருக்கம் இல்ல. விரிசல் கண்ணுக்குத் தெரியல. நூல் வித்தியாசம் 2 மி.மீ. சீட்டுக் குழாய் அசையுது. முன் ரிம்முல மேல்துரு மட்டும். பின் ரிம் ஒட்டுல பிளவு இருக்கு. பி.பி. ஆடுது. டயர் ரெண்டும் வெடிச்சுப் போச்சு.

மூணு கேள்வி. டயர் கேட்டா கடைக்காரர் “28-ஆ, 700-ஆ, 26-ஆ”ன்னு கேக்கறார், எது? செயின் மாத்தணுமான்னு எப்படித் தெரியும்? மேம்பாலத்துக்கு கியர் இல்லாம முடியுமா?

போக்ஸ்கம்பி:
பிரேம் தேறிவிட்டது, நல்ல செய்தி.

டயர். பழைய டயரின் பக்கச்சுவரில் எண் அச்சாகியிருக்கும். உங்கள் வண்டிக்கு 28 × 1½, அதன் இன்னொரு எழுத்து 40-635. இந்த 635தான் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில். இஞ்ச் கணக்கை நம்ப வேண்டாம், இந்த மூன்று இலக்கத்தை மட்டும் ஒத்துப் பாருங்கள். 700சி என்பது 622. 29 இஞ்ச் என்று விற்பதும் அதே 622. 27.5 என்பது 584. 26-ல் இங்கே பரவலாக இரண்டு உண்டு: லேடீஸ் சைக்கிளின் 26 × 1⅜ என்பது 590, எம்.டி.பி.யின் (மலைப்பாதை சைக்கிள்) 26 × 1.95 என்பது 559. இரண்டும் “26 டயர்”தான், ஒன்று மற்றதில் ஏறவே ஏறாது. அரசுப் பள்ளியில் கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியைச் சரிசெய்ய நினைப்பவர்களுக்கும் இதேதான்: கடைக்குப் பழைய டயரையே கையில் எடுத்துப் போங்கள்.

பின் ரிம் 40 துளை ஸ்டீல் ரிம் வாங்குங்கள். ஹப் நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். கம்பியைப் பழசிலிருந்து எடுக்க வேண்டாம். துருப்பிடித்த நிப்பிள் பாதி திரும்பும்போது கம்பி முறுக்கி உடையும். 40 கம்பியும் நிப்பிளும் புதிதாக வாங்குங்கள், பழைய கம்பி ஒன்றை அளவுக்குக் கொண்டுபோங்கள். வளைவின் உள்பக்கத்திலிருந்து மரை முனை வரைக்கும் உள்ளதுதான் நீளம்.

கோக்கும் வேலையை நீங்களே செய்யலாம், கடைசிக் கோட்டம் எடுப்பதை மட்டும் கடையில் கொடுங்கள். கலைப்பதற்கு முன் நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுங்கள். ஒரு கம்பி ஹப்பிலிருந்து ரிம்முக்குப் போகும் வழியில் எத்தனை கம்பியைக் கடக்கிறது, கடைசிக் கடப்பில் உள்ளே போகிறதா வெளியே போகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லா நிப்பிளையும் மரை மறையும் வரை ஒரே அளவுக்குத் திருகி, பிறகு வால்வு துளையில் தொடங்கி ஒரு சுற்றுக்கு அரைத் திருப்பாக ஏற்றுங்கள். ரிம் இடப்பக்கம் இழுத்தால் அந்த இடத்தின் வலக்கம்பிகளைக் கால் திருப்பு இறுக்கி, இடக்கம்பிகளைக் கால் திருப்பு தளர்த்துங்கள். இறுக்கிக்கொண்டே போனால் கோட்டம் போகாது, ரிம் முட்டை வடிவமாகும். வேலை முடிந்ததும் இணையான கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்தி விடுங்கள், ‘டக் டக்’ என்று முறுக்கு விடும். அதன் பிறகு மறுபடி கோட்டம் பாருங்கள். இந்த அழுத்தலை விட்டுவிட்டால் முதல் வாரத்திலேயே வீல் தளரும்.

காட்டர்பின்:
செயினுக்கு ஒரு ஸ்கேல் போதும். செயின் கண்ணியைக் கோக்கிற ஒரு பின்னோட நடுவுல ஸ்கேலோட 0-வை வைங்க. அதை விட்டு அடுத்ததுலேருந்து எண்ணினா வர்ற 24-ஆவது பின் சரியா 12 இஞ்ச்ல இருக்கணும். ஒரு இஞ்ச்ல பதினாறுல ஒரு பங்கு தாண்டிட்டா செயினை மாத்துங்க. எட்டுல ஒரு பங்கு தாண்டிட்டா ஃப்ரீவீல் பல்லும் தேய்ஞ்சிருக்கும், ரெண்டையும் சேர்த்து மாத்தணும். தேய்ஞ்ச பல்லுல புதுச் செயின் போட்டா அழுத்தி மிதிக்கும்போது ஏறிக் குதிக்கும். கிராங்கோட இருக்கிற செயின்வீல் பல்லையும் பாருங்க, கொக்கி மாதிரி ஒரு பக்கமா சாய்ஞ்சிருந்தா அதுவும் போயிடுச்சு. வாங்கும்போது எட்டுல ஒரு பங்கு அகலச் செயின்னு கேளுங்க. கியர் வண்டிச் செயின் குறுகலா இருக்கும், இந்தப் பல்லுல உக்காராது.

இப்ப ஓவராயில். வண்டியைத் தலைகீழா வெச்சுக்கங்க.

காட்டர் பின் கழட்டுறதுலதான் பாதிப் பேர் கிராங்கையே கெடுக்கிறாங்க. நட்டை முழுசா எடுக்காதீங்க. பின்னோட மரை முனையும் நட்டோட மேல்முகமும் சமமா வர்ற வரைக்கும் தளர்த்துங்க. கிராங்குக்கு அடியில, பின்னோட தலை உள்ளே போற மாதிரி ஒரு இரும்புக் குழாயைத் தரையில ஊனி முட்டுக் குடுங்க. அப்புறம் கனமான சுத்தியால நட்டு மேல ஒரே அடி, பலமா. சின்னச் சுத்தியால பத்து தட்டு தட்டினா மரை மழுங்கி பின் வளைஞ்சுடும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்கணும். முட்டு இல்லாம அடிச்சா அந்த அடி பி.பி. கப்புல விழுந்து குழி விழும்.

பி.பி.ல இடப்பக்கக் கப்பு சாதா மரை, எதிர்க்கடிகார திசையில கழலும். வலப்பக்கம், செயின்வீல் பக்கம், எதிர்மரை. அது நல்லா இருந்தா கழட்டவே வேண்டாம், உள்ளேயே துடைச்சுப் பாருங்க. ஆக்சில்ல பால்ரஸ் (பேரிங் குண்டு) ஓடுற பாதையில நகத்தை ஓட்டுங்க. தடங்கினா குழி விழுந்திருக்கு, ஆக்சிலும் அந்தப் பக்கக் கப்பும் மாத்தணும்.

பால்ரஸ் எப்பவும் புதுசு போடுங்க, விலை ரொம்பக் கம்மி. பழசும் புதுசும் கலக்காதீங்க. கொஞ்சம் பெரிசா இருக்கிறதுதான் எல்லா பாரத்தையும் தாங்கி உடையும். பி.பி.க்கு கால் இஞ்ச், பக்கத்துக்கு 11. பின் ஹப்புக்கு கால் இஞ்ச், பக்கத்துக்கு 9. முன் ஹப்புக்கு பதினாறுல மூணு பங்கு இஞ்ச், பக்கத்துக்கு 10. கழட்டும்போது எண்ணி வெச்சுக்கங்க, ஆனா முன்னாடி யாராவது ஒண்ணு குறைச்சுப் போட்டிருக்கலாம். கிரீஸ்ல அடுக்கினப்புறம் எல்லாம் சேர்த்து ஒரு பால்ரஸ்ல பாதி அளவு இடம் மிஞ்சணும். நெருக்கிப் போட்டா உருளாது, தேயும்.

கோன் பிடிக்கும்போது, ரிம்மைப் பிடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டினா ஆட்டம் இருக்கக்கூடாது. சுத்திவிட்டா வால்வு இருக்கிற கனமான பக்கம் கீழ வந்து, முன்னும் பின்னும் ஊஞ்சலாடி நிக்கணும். ஊஞ்சலாடாம சட்டுன்னு நின்னா இறுக்கம் ஜாஸ்தி.

கணக்குப்பிள்ளை:
கியர் கேள்விக்கு நான்.

இந்த மாதிரி வண்டியில் பொதுவாக முன்னால் 44 பல், பின்னால் 18 பல். 44-ஐ 18-ஆல் வகுத்தால் 2.44. 28 இஞ்ச் வீல் டயரோடு சேர்த்து 715 மி.மீ. விட்டம், சுற்றளவு 2.25 மீட்டர். ஒரு மிதிச் சுற்றுக்கு 5.5 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் கிட்டத்தட்ட மணிக்கு 20 கி.மீ. சமதளத்துக்கு நல்ல கணக்கு. மேம்பாலத்திலும் எதிர்காற்றிலும் கனக்கும்.

ஃப்ரீவீலை 20 பல்லாக மாற்றுங்கள். விகிதம் 2.2, சுற்றுக்கு 4.95 மீட்டர், அதே 60 சுற்றில் மணிக்கு 17.8 கி.மீ. 9 கி.மீ.க்கு மூன்று நிமிடம் கூடும். மிதிக்கும் பாரம் பத்தில் ஒரு பங்கு குறையும். 26 × 1.95 வீல் உள்ள எம்.டி.பி.யில் 44-க்கு 18 போட்டால் வரும் லேசும் ஏறக்குறைய இதேதான். பழைய வண்டி கனமாக மிதிக்கிறது என்று சொல்வதில் பெரும்பங்கு எடையால் அல்ல, இந்த வீல் விட்டத்தால்.

உங்களுக்கு ஃப்ரீவீல் எப்படியும் புதிதாகப் போகிறது, எனவே 20-க்கு மாறக் கூடுதல் செலவு சொற்பம். இரண்டு பல் கூடினால் பின்சக்கரம் காதில் சுமார் 6 மி.மீ. முன்னே நகரும். காதில் அந்த இடம் இருந்தால் செயினை நீட்ட வேண்டாம். இல்லையென்றால் ஒரு முழுக் கண்ணி, அதாவது ஒரு இஞ்ச், கூட்டிப் போட வேண்டும். செயின் கவருக்குள் 20 பல் இடிக்காமல் சுற்றுகிறதா என்று மாட்டும் முன்பே பிடித்துப் பாருங்கள்.

ஃப்ரீவீல் கழற்றக் கடைக்குக் கொடுங்கள். வீலைக் கலைப்பதற்கு முன் கொடுக்க வேண்டும். ரிம் இல்லாத வெறும் ஹப்பிலிருந்து ஃப்ரீவீலைத் திருகி எடுக்க நெம்புகோலே இருக்காது.

செயின்கவர்:
இந்தக் கடைசி வரி முக்கியம், நிறைய பேர் மறக்கறது.

சரி, பிரேம் நல்லா இருக்குன்னு தெரிஞ்சதால நானும் இதுக்கு ஒத்துக்கறேன். ஆனா செலவுக்கு ஒரு வரம்பு வைங்க. டயர் ரெண்டு 600, டியூப் ரெண்டு 300, செயின் 200, ஃப்ரீவீல் 150, பி.பி. செட் 250, காட்டர் பின் ஜோடி 40, பால்ரஸ், கோன் 200, பிரேக் கட்டை 100, பெடல் 150, கிரீஸ், டீசல் 100. இது 2,090. பின் ரிம், 40 கம்பி, கோட்டம் எடுக்கிற கூலின்னு 850 வைங்க. 2,940. செயின்வீலும் போயிருந்தா இன்னும் 350. ஏறக்குறைய 3,300. மிச்சத்துல நல்ல பூட்டுக்கு 600, முன்னும் பின்னும் லைட்டுக்கு 500. ஆயிரத்துக்கு மேல கையில நிக்கும். அதைச் செலவு பண்ணிடாதீங்க, முதல் மாசத்துல ஏதாவது ஒண்ணு கேக்கும்.

3,600-ஐத் தாண்டுதுன்னா நிறுத்திட்டு யோசிக்கணும். அதுக்கு மேல போட்ட காசு வண்டியை வித்தாலும் திரும்பாது.

வீட்டுல பழசு இல்லாதவங்க செகண்ட் ஹேண்ட் வாங்கப் போனா பி.பி. கூட்டுக்கு அடியிலயோ சீட்டுக் குழாயிலயோ குத்தியிருக்கிற பிரேம் நம்பரைப் பாருங்க. நம்பர் தேய்க்கப்பட்டிருந்தா எவ்வளவு மலிவா இருந்தாலும் தொடாதீங்க. பில்லு கேளுங்க, இல்லேன்னா வித்தவர் கைப்பட எழுதின சீட்டாவது.

கொரட்டூர் வாசி:
பாகம் கிடைக்குமான்னு யாரும் கவலைப்பட வேண்டாம். 1949-ல அம்பத்தூர்ல டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பிச்ச காலத்துல ஓடின இந்த அமைப்பு பெரிசா மாறவே இல்ல. இன்னிக்கும் எந்தச் சின்ன ஊர்ச் சைக்கிள் கடையிலயும் இதுக்குக் காட்டர் பின்னும் கோனும் தொங்கும். வழியில நின்னா எவரும் சரிபண்ணித் தருவாங்க. வேலைக்குப் போற வண்டிக்கு அது பெரிய பலம்.

பையில எப்பவும் ரெண்டு இஞ்ச் வால்டியூப் (வால்வு மேல மாட்டுற சின்ன ரப்பர் குழாய்) வெச்சுக்கங்க. நிறுத்தின இடத்துல காத்து இறங்கினா பாதி நேரம் பஞ்சரே இல்ல, வால்டியூப் காய்ஞ்சு பிளந்திருக்கும். இந்த வால்வுல சாதாரண கேஜ் அளவு காட்டாது. பக்கச்சுவர்ல அச்சடிச்சிருக்கிற பி.எஸ்.ஐ.க்குள்ள, பின் டயர் கட்டைவிரல் அழுத்தினா அமுங்காத அளவு, முன் டயர் ஒரு மயிரிழை அமுங்குற அளவு. காத்து கம்மியா ஓட்டினா குழியில டியூப் ரிம்மோட நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும்.

சீட்டு உயரம்: குதிகாலை பெடல் மேல வெச்சு கீழ்நிலைக்குக் கொண்டுபோனா கால் நேரா நீளணும். பாதத்தோட முன்பகுதியால மிதிக்கும்போது முழங்கால் லேசா மடங்கும். 5 அடி 7-க்கு 22 இஞ்ச் பிரேம் பொருந்தும்.

ஆவடி மிதி:
முடிவு பண்ணிட்டேன், பழசுதான். செயின் அளந்தேன், கால் இஞ்ச் தாண்டுது, அதனால ஃப்ரீவீலும் சேர்த்து 20 பல்லா மாத்திடறேன். செயின்வீல் பல்லு நேரா இருக்கு. கடைசி ஒரு சந்தேகம்: காட்டர் பின்னை எந்தப் பக்கத்திலிருந்து போடணும்? எவ்வளவு இறுக்கணும்?

காட்டர்பின்:
ரெண்டும் எதிரெதிரா போகணும். கிராங்கைத் தரைக்குச் சமமா வெச்சுப் பாத்தா ஒரு நட்டு மேல பாக்கணும், இன்னொண்ணு கீழ பாக்கணும். ஒரே பக்கமா போட்டா ரெண்டு கிராங்கும் ஒரே கோட்டுல நிக்காது, மிதிக்கும்போது நொண்டும்.

பின்னோட சாய்வு முகம் ஆக்சிலோட தட்டையான முகத்துல முழுசா படியணும். முதல்ல கையால தள்ளிப் பாருங்க. நட்டு பிடிக்கிற அளவு மரை வெளியே வரலேன்னா சாய்வு முகத்தை அரத்தால ஒரே சீரா, குறுக்கே உருண்டு போகாம ராவுங்க. ரெண்டு பின்னையும் ஒரே அளவு ராவணும். அதே குழாய் முட்டு குடுத்து, பின் தலையில மூணு நாலு அடி அடிச்சு உள்ளே இறக்குங்க. அப்புறம்தான் வாஷரும் நட்டும். நட்டாலயே பின்னை இழுத்து இறக்கப் பாத்தா மரை போயிடும். நட்டு பின்னைத் தாங்க மட்டும்தான்.

இடது பெடல் எதிர்மரை, வலது சாதா மரை. பெடல் ஆக்சில் முனையில இங்கிலீஷ்ல எல், ஆர் எழுத்து இருக்கும். மரையில கிரீஸ் தடவி, முதல் நாலு சுத்து கையாலயே ஏத்துங்க. கையால ஏறலேன்னா மரை மாறி ஏறுதுன்னு அர்த்தம், ஸ்பானரைத் தொடாம வெளிய எடுத்துடுங்க.

ரெண்டு நாள் வேலைக்குப் போய் வந்ததும், அதாவது 36 கி.மீ. ஓடினதும், மறுபடி முட்டு குடுத்து பின் தலையில ஒரு அடி, நட்டு ஒரு கால் திருப்பு. வாரக் கடைசியில இன்னொரு தடவை. நடுவுல மிதிக்கும்போது கிராங்குல ‘டொக்’னு சத்தம் வந்தா அங்கேயே இறங்கிடுங்க. தளர்ந்த பின்னோட மிதிச்சா ஆக்சில் முகம் உருண்டுடும், அப்புறம் எந்தப் புதுப் பின்னும் நிக்காது.